ஏரி வாயில் ஈரநிலம்: அம்ருத் 2.0-ல் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்பது

மழையின் முதல் அரைமணி நேரத்தில் வேலூர் வடிகால்களில் ஓடுவதைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. சாலைத் தூசி, டயர்த் துகள், எண்ணெய், குப்பை எல்லாம் கலந்த கறுப்புக் குழம்பு அது. வரத்துக்கால்வாய் ஏரியில் விழும் இடத்தில், சம்பும் கோரையும் வளர்ந்த ஆழமில்லாத குட்டையில் அதை ஒன்றிரண்டு நாள் நிறுத்தி அனுப்புவதுதான் செயற்கை ஈரநிலம்.

2021 அக்டோபர் 1-ல் தொடங்கிய அம்ருத் 2.0, நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கான மத்திய அரசுத் திட்டம். அதில் நீர்நிலை மீட்புக்கும் நிதி உண்டு. 1 முதல் 10 லட்சம் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு, வேலூரும் அதில் அடக்கம், மத்திய அரசின் பங்கு செலவில் மூன்றில் ஒன்று. அது 20:40:40 என மூன்று தவணையாக வரும். நிலம் வாங்கப் பணம் தரமாட்டார்கள். எனவே புறம்போக்கில்தான் இடம் பார்க்க வேண்டும். மனுவில் 'மழைநீர் வடிகால்' என்று மட்டும் எழுதினால் திட்டத்துக்குள் வராது. 'இன்ன ஏரி மீட்பு, அதன் நீர்வரத்தில் ஈரநிலம்' என்று எழுதுங்கள். அ-பதிவேடு (நிலம் யார் பேரில், என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) நகல், புலப்படம் (நில அளவை வரைபடம்), ஏரி நீர்வளத்துறை வசம் இருந்தால் அவர்கள் தடையின்மைச் சான்று ஆகியவை தேவை. திட்டக் காலம் முதலில் 2025-26 வரை என்றே அறிவிக்கப்பட்டது. புதுப் பணி சேர்க்க இடமிருக்கிறதா என்று மாநகராட்சிப் பொறியியல் பிரிவில் கேட்டுவிட்டு அலையுங்கள். இல்லையென்றால் மாநில அரசின் நமக்கு நாமே திட்டம். அதில் பொதுமக்களும் செலவில் ஒரு பங்கு தர வேண்டும்.

அளவு எவ்வளவு? 10 ஹெக்டேர் குடியிருப்பு, 25 மி.மீ. மழை, அதில் 70 சதவீதம் ஓடிவரும் என்றால் 1,750 கன மீட்டர். சராசரி ஆழம் 40 செ.மீ. வைத்தால் சுமார் 4,400 சதுர மீட்டர், அதாவது ஒரு ஏக்கருக்குச் சற்று மேல். நுழைவில் 1 முதல் 1.5 மீட்டர் ஆழ வண்டல் தொட்டி, மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது. லாரியும் பொக்லைனும் இறங்கச் சரிவுப்பாதை விடுங்கள். அடுத்து 15 முதல் 45 செ.மீ. ஆழ நாணல் பகுதி. நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு. கடைசியில் மதகுக்கு முன் சிறு ஆழக்குழி. சதுர மீட்டருக்கு 4 நாற்று போதும். நம் பக்கத்துக் கப்பிமண்ணில் தண்ணீர் நிற்காது. அடியில் 30 செ.மீ. களிமண் இடித்து இறுக்க வேண்டும்.

மதிப்பீட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது வண்டல் தொட்டியும், பெருவெள்ளத்தை ஈரநிலத்துக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் மாற்று வழிந்தோடியும்தான். நடைபாதையும் விளக்கும் தப்பிவிடும். தொட்டி இல்லாவிட்டால் இரண்டே பருவமழையில் நாணல் மேடாகிவிடும். வழிந்தோடி இல்லாவிட்டால் ஐப்பசி அடைமழை ஒன்றே படிந்த சேற்றைக் கிளறி ஏரிக்குள் தள்ளிவிடும்.

மழையில்லாத நாளிலும் கால்வாயில் தண்ணீர் ஓடினால் அது சாக்கடை. அதைப் பாதாளச் சாக்கடையில் இணைக்காமல் ஈரநிலம் போடுவது வீண். தோல் தொழிற்சாலைக் கழிவையும் இதில் விடக்கூடாது; குரோமியம் மறையாது, சேற்றிலேயே தங்கும்.

கொசு பயம் நியாயமானதே. முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். நாணல் பகுதி அதற்குள் வடிந்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஆழக்குழியில் மீன் இருக்கட்டும். ஆகாயத்தாமரை கண்ட அன்றே பிடுங்க வேண்டும். கோடையில் சம்பு காய்ந்தால் அடியோடு பிடுங்காமல் தண்ணீர் மட்டத்துக்கு மேல் அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். அங்கேயே போட்டால் அழுகி, உறிஞ்சிய சத்தெல்லாம் திரும்பத் தண்ணீரில் இறங்கும். இந்த அறுவடைக்கும் தொட்டி தூர்வாருவதற்கும் ஆண்டுச் செலவு தனி இனமாக மதிப்பீட்டில் இருக்கிறதா என்று உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் கேளுங்கள்.