ஸ்டெம் என்றால் தண்டு இல்லை

‘தண்டுப் பதிவைத் தானியக்கமாக்குக.’ ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றின் தமிழ்க் கையேட்டில் இந்த வரியைப் படித்தேன். ஸ்டெம்மைத் தண்டாக்கி நான் பார்ப்பது இது மூன்றாவது முறை.

‘நில்’ என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் ஸ்டெம். செடிக்குத் தண்டு, இலக்கணத்தில் சொல்லின் அடி. திரைப்படத்தில் உரையாடல், இசை, பிற ஒலிகள் என்று தனித்தனியாகக் கலந்து முடித்து வைப்பவையும் ஸ்டெம்தான். உரையாடலை மட்டும் எடுத்துவிட்டு வேறு மொழிக் குரலைப் பொருத்த முடிவது அதனால்தான். இடம், வலம் என்று இரு வழி ஒலியாக முடித்த ‘ஸ்டீரியோ மாஸ்டர்’ என்பதன் சுருக்கம் என்றும் சிலர் சொல்வார்கள். ஒரு வழி ஒலியான மோனோவிலும் ஆறு வழி ஒலியான 5.1-லும் ஸ்டெம் இருக்கிறதே!

சரி, தண்டு ஏன் கூடாது? செடியில் தண்டு ஒன்று, கிளைகள் பல. ஒலிக்கலவையில் போக்கே வேறு. டிரம்ஸைச் சுற்றி வைத்த பத்து மைக்கின் தடங்கள் கலந்து ஒரு ஸ்டெம் ஆகும். அப்படி ஏழெட்டு கூடினால் பாட்டு. பவானியும் அமராவதியும் காவிரியில் வந்து சேர்வதைப் போல. தண்டு என்று படித்துவிட்டு வந்த தம்பி ஒருவரிடம் ஸ்டெம் கேட்டேன். முழுப் பாட்டையும் ஒரே கோப்பாக அனுப்பினார். “தண்டுன்னா மெயின் மிக்ஸ்தானேண்ணே?” என்றார். அவர் மேல் என்ன தப்பு? சொல் அப்படித்தானே நினைக்க வைக்கிறது. ‘தனித்தடம்’ என்பதும் சரிவராது. அது ஒரு மைக்கில் பதிந்த ஒற்றை ஒலி, இன்னும் கலக்காதது.

நான் சொல்வது ‘பகுதிக் கலவை’. பாட்டின் ஒரு பகுதி, கலந்து முடித்தது: இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன. பகுதி, விகுதி என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பகுதிக்கும் ஆங்கிலத்தில் ஸ்டெம் என்பதுண்டு. மொழிபெயர்த்தவர் அகராதியின் முதல் பொருளோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு வரி படித்திருக்கலாம்.

கணினிக்கு வெளியே இருக்கும் அனலாக் மிக்ஸர், ஒலி கூடும்போது அதை அமுக்கும் கம்ப்ரஸர் ஆகியவற்றின் வழியாகப் பகுதிக் கலவை எடுப்பவருக்கு இந்தத் தெளிவு அவசியம். 2013-இல் வந்த புரோ டூல்ஸ் 11 என்ற ஒலிப்பதிவு மென்பொருள், பாட்டை ஓட விடாமலே விரைவாகக் கோப்பாக்கும் வசதியைத் தந்தது. ஆனால் ஒலி வெளிக்கருவிக்குள் போய்த் திரும்ப வேண்டுமென்றால் ஓடித்தான் ஆக வேண்டும். நான்கு நிமிடப் பாட்டு, எட்டுப் பகுதி: முப்பத்திரண்டு நிமிடம். கையேட்டின் வரி சொல்ல வந்தது இந்த வேலையைத்தான்: மென்பொருளே டிரம்ஸை மட்டும் திறந்து, ஓடவிட்டு, திரும்பி வருவதைப் பதிந்து, எதிரொலி அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்த பகுதியான பேஸுக்குப் போகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. முழுப் பாட்டைக் கேட்டு அமுக்கிய கம்ப்ரஸர், டிரம்ஸ் மட்டும் வந்தால் வேறு அளவில் அமுக்கும். அப்படி எடுத்த எட்டையும் கூட்டினால் பழைய கலவை வராது. எதைக் கேட்டு அமுக்க வேண்டும் என்று கம்ப்ரஸருக்குச் சொல்லும் தனி உள்வழியான சைட்செயினில் முழுக் கலவையைக் கொடுத்துச் சரிசெய்வார்கள். தண்டு என்று நினைத்தவருக்கு இதை எங்கிருந்து விளக்குவது?

‘தானியக்கம்’ பற்றியும் ஒரு வார்த்தை. கலவைக்கூடத்தில் ஆட்டோமேஷன் என்றால், நாம் ஏற்றி இறக்கியதை நினைவில் வைத்து, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் தானாக நகர்வது. ‘தானியக்கம்’ அதற்கே இருக்கட்டும். கையேட்டின் வரியை நான் இப்படி எழுதுவேன்: ‘பகுதிக் கலவைகளை வெளிக்கருவி வழியாக ஒவ்வொன்றாகத் தானே பதியச் செய்க.’