கழுவிய தண்ணீரையும் சோதியுங்கள்

மாணவர்களின் இன்னொரு ப்ராஜெக்ட் அறிக்கை மேசைக்கு வந்திருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையின் அமைலேஸை (மாவுச்சத்தை வெட்டும் நொதி) ஆல்ஜினேட் மணிகளில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருளாலான ஜெல் உருண்டைகள்) அடைத்து, மாவுச்சத்துக் கரைசலில் போட்டு, மாவுச்சத்தைக் காட்டும் அயோடின் நீலம் மறைந்ததும் ‘வெற்றி’ என்று முடித்துவிட்டார்கள். மணிகளைக் கழுவிய தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை. வழக்கம்போல!

மணிக்குள் போட்டதும் நொதி சிறைப்பட்டுவிட்டது என்று யார் சொன்னது? ஆல்ஜினேட் ஜெல்லின் துளைகள் வழியே அமைலேஸ் மெல்ல வெளியே கசியும். அதைவிடப் பல மடங்கு பெரிய மாவுச்சத்து மூலக்கூறோ உள்ளே நுழையவே திணறும். அப்படியென்றால் உங்கள் குடுவையில் வேலை பார்த்தது மணியா, கசிந்த நொதியா? தெரிந்துகொள்வது சுலபம். பாதி வினையில் மணிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சத் திரவத்தைக் கவனியுங்கள். மணி இல்லாமலும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால், அந்த ‘வெற்றி’ மணியுடையது மட்டுமல்ல.

‘அடைத்ததால் நொதியின் வேகம் கூடியது’ என்ற வரியையும் தயவுசெய்து எழுதாதீர்கள். பெரும்பாலும் வேகம் குறையத்தான் செய்யும். லாபம் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் சுற்றில் எவ்வளவு செயல்திறன் மிஞ்சியது என்பதுதான் உங்கள் முடிவு. முதல் சுற்றை மட்டும் காட்டினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நான் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவே.

நீலம் மறைந்தால் குளுக்கோஸ் வந்துவிட்டது என்றும் பொருளில்லை. ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியை நடுவில் வெட்டி டெக்ஸ்ட்ரின் என்னும் குட்டைச் சங்கிலிகளாக்கினாலே நீலம் போய்விடும். குளுக்கோஸ்தான் வேண்டுமென்றால் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் குளுக்கோஅமைலேஸ் பக்கம் போங்கள்.

அப்புறம் பஃபர், அதாவது அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல். மணிகளைப் பிடித்து வைத்திருப்பது கால்சியம். பாஸ்பேட், சிட்ரேட், ஈ.டி.டி.ஏ. எல்லாமே அதை உருவிக்கொள்ளும். மணிகள் ஊதி, கடைசியில் கஞ்சியாகிவிடும். அசிடேட் பஃபர் எடுங்கள், கொஞ்சம் கால்சியம் குளோரைடும் சேருங்கள். சர்க்கரையை அளக்கும் டி.என்.எஸ். கரைசலை ஊற்றும் முன் மணிகளை எடுத்துவிடுங்கள். அந்தக் கரைசலிலுள்ள டார்ட்ரேட்டும் கால்சியத்தை விடாது.

கசிவைக் குறைக்க, நொதியைப் பிணைத்துவைக்கும் குளூட்டரால்டிஹைடு போடுகிறவர்கள் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் (ஃபியூம் ஹூட்), கையுறையோடு போடுங்கள். அதிகம் சேர்த்தால் நொதியே செத்துவிடும். பூஞ்சை வளர்த்த குடுவையை ஆட்டோகிளேவ் செய்யாமல் (அழுத்த நீராவியில் கிருமி நீக்காமல்) தொட்டியில் கவிழ்க்காதீர்கள், அதே மேசையில் அடுத்த வகுப்புக்காரர்களும் உட்கார வேண்டும்.