கலக்காத வாளியும் ஒரு பை உதிரிப் பழமும்

எங்கள் ஆயா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். பால் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி வாளியைக் கலக்காமல் மேலாக மொண்டு எடுத்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி வரைக்கும் வீட்டில் அதே பேச்சுதான். "கலக்காம மொண்டா அது என்னா கணக்கு?" என்பார். இப்போது கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். பாடத்தை அந்த வாளியிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கூலி போட முடியாது. பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். மழை தூறினால், மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் இன்னும் நீர் சேரும். அதனால் கொஞ்சம் பாலை எடுத்து, அளவுக்கோடு போட்ட மிதவை ஒன்றை அதில் விட்டுப் பார்ப்பார்கள். கெட்டிப் பாலில் மிதவை மேலே நிற்கும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. ரப்பர் தண்ணீரைவிட லேசு, ஆகவே ரப்பர் கூடக் கூடப் பாலின் அடர்த்தி குறையும், மிதவை இன்னும் ஆழமாக இறங்கும்.

மிதவை சரியாகத்தான் சொல்லும். வம்பு அதற்கு முன்னாலேயே, மொள்ளும் இடத்தில் இருக்கிறது. ஒரே வாளியில் பல மரத்துப் பால், கெட்டியும் தண்ணியுமாக. கலக்காமல் மேலாக அள்ளினால் கடைசியாக ஊற்றியதன் பங்குதான் கரண்டியில் கூடுதலாக வரும்.

சரி, கலக்க முடியாத பொருளாக இருந்தால்? இங்கேதான் வகுப்புக்கு ஒரு பை செம்பனை (எண்ணெய்ப் பனை) உதிரிப் பழம் கொண்டு போவேன். செம்பனைக் குலையில் வெளிப்பக்கப் பழங்கள் பெரிதாக, நல்ல நிறமாக இருக்கும். உள்ளே நெருக்குண்டு வளர்ந்தவை சின்னதாக, வெளுத்துப்போய் இருக்கும். ஒரு பழம் 3 கிராமும் இருக்கலாம், 30 கிராமும் இருக்கலாம். நூறு பழத்தை எண்ணிப் பையில் போட்டுவிட்டு, ஒவ்வொரு குழுவிடமும் சொல்வது இவ்வளவுதான்: "பைக்கு நல்ல மாதிரியாக ஐந்து பழம் எடுங்கள். நிறுத்து, இருபதால் பெருக்கி, மொத்த எடையைச் சொல்லுங்கள்."

பிள்ளைகள் ரொம்ப நியாயமாகத்தான் எடுப்பார்கள். ரெண்டு பெரிசு, ரெண்டு சிறிசு, ஒன்று நடுத்தரம் என்று ஆலோசனை எல்லாம் நடக்கும். விடைகளைப் பலகையில் எழுதிவிட்டு முழுப் பையையும் தராசில் வைத்தால், பெரும்பாலான குழுக்கள் கூடுதலாகவே சொல்லியிருக்கும். பெரிய பழம் கண்ணிலும் படுகிறது, கைக்கும் அகப்படுகிறது. சின்னதுகள் அடியில் ஒளிந்துகொள்கின்றன.

யாராவது ஒருவர், "சார், பையை நல்லாக் குலுக்கிட்டு எடுத்தா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். குலுக்கினால் நிலைமை மோசமாகும். ஒவ்வொரு குலுக்கலிலும் சின்னப் பழங்கள் இடுக்கு வழியாகக் கீழே நழுவும், பெரியவை மேலே ஏறும். கச்சான் பாக்கெட்டைத் திறந்தால் முழுப்பருப்பு மேலேயும் நொறுங்கல் அடியிலும் கிடக்கிறதே, அதே கதை. பால் கலக்கக் கலக்க ஒன்றாகும், பழம் குலுக்கக் குலுக்கப் பிரியும்.

"அப்படின்னா நிறைய எடுத்தா சரியாயிடுமா?" என்பது அடுத்த கேள்வி. பலகையில் ஒரு கற்பனைப் பையைப் போடுவேன்: 20 கிராமில் 40 பழம், 5 கிராமில் 60. மொத்தம் 1100 கிராம், சராசரி 11. கை மூன்று பெரிசும் இரண்டு சிறிசுமாக எடுத்தால் ஐந்துக்கு 70 கிராம், மொத்தம் 1400 என்று விடை வரும். இதே கை இருபது பழம் எடுத்தாலும் பன்னிரண்டு பெரிசு, எட்டு சிறிசு என்றுதான் போகும். மறுபடியும் 1400. இதைச் சாய்வு என்கிறோம்.

பழத்துக்கு நம்பர் போட்டு, மைலோ டின்னில் சீட்டுப் போட்டு எடுத்தால் விடைகள் கூடவும் வரும், குறையவும் வரும். ஐந்து பழம் என்றால் வழக்கமாகச் சுமார் 320 கிராம் அளவுக்கு ஏறி இறங்கும். இருபது எடுத்தால் அது சுமார் 150க்குச் சுருங்கும். இது ஆட்டம். எண்ணிக்கை கூடினால் ஆட்டம் அடங்கும், சாய்வு அசையாது. இந்த இரண்டையும் வெறும் வாயால் நடத்திய வருடங்களில் பிள்ளைகள் அழகாக எழுதிக்கொண்டார்கள், தேர்வில் மாற்றி எழுதினார்கள். தன் கையே தன்னை ஏமாற்றியதைப் பார்த்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் மாற்றி எழுதுவதில்லை.

ஏமாறுவது பிள்ளைகள் மட்டும் இல்லை. இந்தியாவில் 1940களில் வயலில் சின்னச் சின்னத் துண்டாக அறுத்து விளைச்சலைக் கணித்தபோது, துண்டு சிறிதானால் கணக்கு உண்மையைவிடக் கூடியது. கோட்டின்மேல் நிற்கும் செடியை உள்ளே சேர்க்கத்தான் கை போகும்; துண்டு சிறிதாகச் சிறிதாக, பரப்புக்கு ஓரம்தான் அதிகம்.

சீட்டிலும் கோட்டை விடலாம். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்கா 1969 டிசம்பர் 1ஆம் தேதி, பிறந்த நாள்களைக் குப்பிகளில் அடைத்துக் குலுக்கல் நடத்தியது. 366 குப்பி, மாத வரிசையில் போட்டவை, சரியாகக் கலக்கவில்லை. வருடக் கடைசியில் பிறந்தவர்களின் தேதிகள் அதிகமாக முதலிலேயே வந்துவிட்டன. முதலில் வந்தவர்களுக்குத்தான் முதல் அழைப்பு.

போன தவணையில் இந்தக் கதையைச் சொல்லி முடித்த கையோடு சீட்டு எடுக்கச் சொன்னேன். பின்வரிசைக் குழு ஒன்று 1இலிருந்து 100 வரை வரிசையாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக டின்னில் அடுக்கி, மேலாக ஐந்து எடுத்தது. 97, 100, 94, 99, 96. பக்கத்துக் குழுவிலிருந்த பெண் எட்டிப் பார்த்து, டின்னை வாங்கி, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கிண்ட ஆரம்பித்தாள்.