45 நாளுக்குள் பணம் வரவேண்டும்: பட்டறைக்காரர்களுக்கான சட்டம்

வியாசர்பாடி, எருக்கஞ்சேரி பக்கம் எந்த லேத் பட்டறையில் போய் உட்கார்ந்தாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "பார்ட்டி இன்னும் பேமென்ட் போடலை." சரக்கு போய் நாலு மாதம் ஆகியிருக்கும். பட்டறைக்காரர் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுத்திருப்பார்.

இதற்கு 2006-லேயே சட்டம் வந்துவிட்டது: குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ ஜாப் ஒர்க்கோ வாங்கியவர், எழுத்தில் பேசிய கெடுவுக்குள் பணம் தரவேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். ஆர்டரில் '90 நாள் கிரெடிட்' என்று அச்சடித்து, நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் 45-தான் செல்லும்.

தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதம் (Bank Rate) என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. விகிதம் 6 சதவீதம் என்று வையுங்கள். ஒரு லட்சத்துக்கு ஆறு மாதத்தில் சுமார் 9,344 ரூபாய். இது கெஞ்சிக் கேட்கும் பணமில்லை, உங்கள் உரிமை.

சரி, நாள் எங்கிருந்து தொடங்கும்? பார்ட்டி சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. இறக்கி 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால், இறக்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அதனால் டெலிவரி சலான்தான் உயிர். ஆயில் கறை படிந்த கார்பன் காப்பியாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் சீல், கையெழுத்து, முக்கியமாகத் தேதி இருக்கவேண்டும். பல பட்டறைகளில் கேட் செக்யூரிட்டியின் கிறுக்கல் மட்டும் இருக்கும், தேதி இருக்காது. வாய்ப்பேச்சும் 1872 ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தம்தான். ஆனால் அதை நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சரக்கு அனுப்புவதற்கு முன்பே உத்யம், அதாவது இத்தகைய தொழில் நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, இருக்கவேண்டும். பாக்கி விழுந்த பிறகு பதிந்தால் பழைய பில்லுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. பதிவு ஆன்லைனில் இலவசம். யாருக்கும் பணம் தராதீர்கள். வெறுமனே வாங்கி விற்கும் கடைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

கெடு தாண்டியதும் ஆர்டர், பில், சலானோடு இந்தப் பாக்கி வழக்குகளைத் தீர்க்க இதே சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றத்துக்கு ஆன்லைனில் மனுப் போடலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் அப்புறம் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து பார்ட்டி நீதிமன்றம் போனால், தொகையில் 75 சதவீதத்தை முதலில் அங்கே கட்டியாகவேண்டும்.