குடியிருப்பா, குடியுரிமையா? பிலிப்பியர் 3:20-இல் ஒரு சொல்

'குடியிருப்பு' என்றதும் இன்று நினைவுக்கு வருவது வீடு. வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு, காவலர் குடியிருப்பு, குடிக்கூலி. அதனால் "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்ற பைபிள் வசனத்தை அடக்க ஆராதனையில் வாசிக்கும்போது, செத்தபின் போய்ச் சேரும் வீட்டைப் பற்றித்தான், பிலிப்பி ஊர்ச் சபைக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலர் பவுல் பேசுகிறார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். 'பரலோகம்' என்ற சொல்லும் அதற்கு ஒத்து ஊதுகிறது. பேச்சுவழக்கில் 'பரலோகம் போனார்' என்றால் இறந்துபோனார் என்றுதானே பொருள்! கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

மூலச்சொல் 'பொலித்தெயுமா'. 'பொலிஸ்' என்பது நகரம், தன்னைத்தானே ஆண்டுகொள்ளும் நகர அரசு. 'பொலித்தேஸ்' அதன் குடிமகன். குடிமகனாக வாழ்வதைக் குறிக்கும் வினையிலிருந்து 'பொலித்தெயுமா' பிறந்தது. ஆட்சியமைப்பு, அதில் ஒருவருக்குள்ள உரிமை, அயல் மண்ணில் தனக்கென நிர்வாகம் வைத்திருக்கும் சமூகம் என இடத்துக்கு ஏற்பப் பொருள் மாறும். எகிப்தின் ஹெரக்கிளியோபோலிசில் வாழ்ந்த யூதர்களின் அமைப்புக்கு இதே பெயர்தான் என்பதைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடுகள் காட்டுகின்றன. புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் வருவது இந்த ஓரிடத்தில் மட்டுமே.

பிலிப்பி ஊராருக்கு இது எட்டாத உவமை அல்ல. கி.மு. 42-இல் ரோமத் தலைவர்களான அந்தோணியும் ஒக்டேவியனும், சீசரைக் கொன்ற புரூட்டசையும் காசியசையும் அங்கே தோற்கடித்தார்கள். போர் முடிந்ததும் படைவீரர்களுக்கு அங்கேயே நிலம் கொடுத்து ஊரை ரோமக் குடியேற்ற நகரமாக்கினார்கள். அந்நகரத்துக் குடிமக்கள் 'வொல்தீனியா' என்ற ரோமக் குலப்பிரிவில் பதியப்பட்டார்கள். ரோமாபுரியைக் கண்ணால் காணாதவனும் அங்கே ரோமன்தான். அவனுடைய குடியுரிமைக்கு 'ஒருநாள் ரோமுக்குப் போய்விடுவேன்' என்பது பொருளல்ல. ரோமின் சட்டமும் முறைமையும் பிலிப்பி இருந்த மக்கெதோனியாவில் அவன் வழியாக நடக்கும் என்பதே பொருள். அந்த உரிமையின் கனத்தை அப்போஸ்தலர் 16இல் பார்க்கலாம்: பிலிப்பியில் அடிபட்டுச் சிறையில் கிடந்த பவுலும் சீலாவும் ரோமர் என்று தெரிந்ததும் அதிகாரிகள் பயந்துபோய் வந்து கெஞ்சுகிறார்கள்.

இனி வசனத்தின் பின்பாதி. அங்கேயிருந்து இரட்சகர் வர எதிர்பார்த்திருக்கிறோம் என்கிறார் பவுல். பயணத்தின் திசையைக் கவனியுங்கள்: நாம் அங்கே போவதல்ல, அவர் இங்கே வருவது. 'இரட்சகர்' என்பதற்குரிய 'சோத்தேர்' அரசர்களுக்கும் பேரரசர்களுக்கும் வழங்கிய பட்டம் என்பதால், ரோமக் குடியேற்றத்தில் அதற்கு அரசியல் வாடையும் உண்டு. 21ஆம் வசனம் சரீரத்தை உதறிவிட்டுப் போவதைச் சொல்லவில்லை, அற்பமான சரீரம் மறுரூபமாவதைச் சொல்கிறது. 'இருக்கிறது' என்பதும் நிகழ்காலம்: உரிமை இப்போதே கையில், எதிர்பார்ப்பு அரசரின் வருகையில்.

'குடியிருப்பு' என்று எழுதிய 1871 தமிழ் மொழிபெயர்ப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 'குடி உயரக் கோல் உயரும்' என்கிறோமே, அங்கே குடி என்பது அரசனின் கீழ் வாழும் மக்கள். குடியாக இருத்தல், குடியிருப்பு என்று பிரித்துப் பார்த்தால் மூலத்துக்கு வெகு அருகில் வருகிறது. சொல் பிழையல்ல, வழக்கு அதைச் செங்கல் கட்டடமாக்கிவிட்டது.

உண்மையான சிக்கல் வேறு. இதே வேரிலிருந்து வந்த சொற்கள் பழைய மொழிபெயர்ப்பில் ஊருக்கொரு வேடம் போடுகின்றன. அப்போஸ்தலர் 22:28இல் சேனாபதி பணம் கொடுத்து வாங்கிய ரோமக் குடியுரிமை 'சிலாக்கியம்'. எபேசியர் 2:12இல் 'காணியாட்சி'. பரம்பரை நிலவுரிமையைக் குறித்த நம்மூர்ச் சொல், பிரமாதமான தேர்வு. 2:19இல் 'ஒரே நகரத்தார்'. இன்று அது செட்டிநாட்டை நினைவூட்டும். பிலிப்பியர் 1:27இல் வெறும் 'நடந்துகொள்ளுங்கள்'. அங்கே வினையில் இருந்த குடிமகன் காணாமல் போனதால், 3:20இல் பவுல் அதே நூலை மறுபடி இழுப்பது தமிழில் தெரிவதில்லை.

பிற சொற்களை உரசிப் பார்ப்போம். கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் 'தாய்நாடு' நெஞ்சைத் தொடும். ஆனால் தாய்நாடு என்றாலே திரும்பிப் போகும் ஏக்கம் ஒட்டிக்கொள்ளும், பிலிப்பியின் படிமத்தில் அது இல்லை. அதிலுள்ள 'விண்ணகம்' மட்டும் 'பரலோகம்' என்பதைவிட நல்லது, சாவின் நிழல் அதில் குறைவு. 'குடிமை' அழகான சொல், ஆனால் குறளில் அது உயர்குடிப் பிறப்பைக் குறிக்கும் அதிகாரம். 'குடிமகன்' என்றால் செய்தித்தாள் வாசகர் சிரித்துவிடுவார்.

எஞ்சுவது 'குடியுரிமை'. உரிமையைச் சொல்லும் அளவுக்குக் கடமையைச் சொல்லாது என்ற குறை அதற்கு உண்டு. அந்தக் குறையை 1:27 ஈடுகட்டும்: அங்கே "சுவிசேஷத்திற்கு ஏற்ற குடிமக்களாக வாழுங்கள்" என்றும், இங்கே "நம் குடியுரிமை விண்ணகத்தில் உள்ளது" என்றும் வைத்தால், அறுந்த நூல் மறுபடி கண்ணுக்குத் தெரியும்.