ஆர்சி புக் அசல், வண்டி அசலா?

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "ஆர்சி ஒரிஜினல்தானே?" என்றுதான். காரைக்குடியானாலும் தேவகோட்டையானாலும் புரோக்கர் தரும் பெரிய உத்தரவாதமும் அதுதான். ஆனால் ஆர்சி அசலாக இருந்தும் வண்டி திருட்டு வண்டியாக இருக்க முடியும்.

எப்படி என்று சொல்கிறேன். விபத்தில் நொறுங்கிய பைக்கைச் சரிசெய்யும் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் ஐடிவியில், அதாவது வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்ட மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸில் அது டோட்டல் லாஸ். உரிமையாளருக்குப் பணம் வந்துவிடும்; நொறுங்கிய வண்டி ஏலத்துக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போகும். இனி ஓடவே ஓடாது என்ற நிலையில் உள்ள வண்டியைப் பற்றி, மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவுப்படி உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டால் ஆர்சியும் இரும்போடு சேர்ந்து கைமாறும். அதே மாடலில், அதே நிறத்தில் ஒரு வண்டியைத் திருடி, அதன் உடல் இரும்பில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணை அரைத்துவிட்டுச் செத்த வண்டியின் எண்ணைக் குத்திவிட்டால் போதும். ஆர்டிஓ பதிவைப் பார்த்தாலும் எல்லாம் பொருந்தும். டோட்டல் லாஸ் ஆன வண்டி என்று ஆர்சியில் குறிக்கும் வழக்கமும் நம் நாட்டில் இல்லை.

தெரியாமல் வாங்கியவர் கதி என்ன? விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கும் வராது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆம் பிரிவு சொல்வது இது. போலீஸ் வண்டியைக் கைப்பற்றலாம். கொடுத்த பணத்தை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும், அவர் கிடைத்தால். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பாதி விலைக்கு, ரசீது இல்லாமல், ராத்திரியில் வாங்கிவிட்டு "எனக்குத் தெரியாது" என்றால் யார் நம்புவார்கள்?

அதனால் காகிதத்தைப் பார்க்கும் முன் வண்டியைப் பாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தேக்குத் தூண் வாங்குகிறவர் மரத்தைத் தட்டி, இழைப்பைத் தடவித்தான் விலை பேசுவார். சேஸிஸ் எண்ணையும் அப்படித்தான் விரலால் தடவ வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் அது ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துக் குழாயில் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, மேலே செல்லோடேப் ஒட்டிப் பென்சிலால் தேய்த்தால் எண் அச்சாகப் பதியும். எழுத்துகள் ஏறி இறங்கியோ, ஒன்று ஆழமாகவும் ஒன்று லேசாகவும் இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தடிப்பாக இருந்தாலோ அந்த வண்டியை விட்டுவிடுங்கள். என்ஜின் எண்ணையும் இதேபோல் எடுத்து, இரண்டையும் ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

அடுத்தது பதிவு. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஆர்சியின் நிலை, பைனான்ஸ், இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வரும். திருட்டுப் புகார் இருக்கிறதா என்று பார்க்கத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவை இருக்கிறது; தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலும் வாகன நிலை பார்க்கலாம். பதிவு எண்ணை மட்டும் போட்டுத் திருப்திப்படாதீர்கள். நம்பர் பிளேட்டை மாற்றுவது திருடனுக்கு ஒரு வேலையே இல்லை. நீங்கள் அச்சு எடுத்த சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் கொடுத்துத் தேடுங்கள்.

வெளி மாநில வண்டிக்கு, பழைய ஆர்டிஓ தரும் ஆட்சேபணையின்மைச் சான்றான என்ஓசி இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 48ஆம் பிரிவுப்படி, திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸிடம் எழுத்தில் அறிக்கை வாங்கிய பிறகே ஆர்டிஓ என்ஓசி தர வேண்டும். நீங்கள் தனியாக அலைந்து பெற முடியாத சோதனை அது.

இன்சூரன்ஸ் வரலாற்றைப் பார்க்க எளிய வழி ஒன்று: பழைய பாலிசியில் நோ க்ளைம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். க்ளைம் இல்லாமல் ஓடினால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது; முதல் வருஷத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். வருஷம் தவறாமல் முழு பாலிசி எடுத்த நாலைந்து வருஷ வண்டிக்குப் போனஸ் பூஜ்யம் என்றால், என்ன க்ளைம் என்று கேளுங்கள். விற்பவரையே கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்ட வண்டிக்கு இந்த வழி பயன்படாது. அதற்கு நம்பகமான மெக்கானிக்தான்: முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா, கழுத்து வெல்டிங்கில் புதுப் பூச்சு இருக்கிறதா என்று பார்ப்பார். 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. அந்தப் பக்கத்து வண்டி என்றால் வயரிங் கப்ளரைக் கழற்றி உள்ளே சேறு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். டோட்டல் லாஸ் ஆகி ஒழுங்காகச் சரிசெய்த வண்டியை, விஷயம் தெரிந்து, அதற்கேற்ற விலைக்கு வாங்குவதில் சட்டப்படி குற்றமில்லை. மறைத்து விற்பதுதான் அநியாயம்.

திருடுபோய்த் திரும்பக் கிடைத்த வண்டி வேறு விஷயம். வழக்கு முடியும்வரை, விற்கக் கூடாது, உருவை மாற்றக் கூடாது, கேட்டால் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் கோர்ட் பொதுவாக வண்டியை விடும். அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கெனவே திருட்டு க்ளைம் கொடுத்திருந்தால் வண்டி கம்பெனிக்குச் சேர்ந்தது; பழைய உரிமையாளர் அதை விற்க முடியாது.

செட்டிநாட்டில் இன்னொன்றும் உண்டு. பெரிய வீடு பூட்டிக் கிடக்கும், உரிமையாளர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார், வண்டி வளவில் தூசி படிந்து நிற்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ பங்காளியோ "ஐயாதான் கொடுக்கச் சொன்னாக" என்று விலை பேசுவார். உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ஆர்சியில் பெயர் உள்ளவரிடம் வீடியோ காலில் பேசி, அவர் கையெழுத்திட்ட பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களைப் பெறாமல் வண்டியை எடுக்காதீர்கள். அவர் இறந்துவிட்டார் என்றால் 31ஆம் படிவம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வைத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவு. இன்சூரன்ஸை மாற்ற 14 நாள். பழைய வண்டிக் கடையில் வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிப்படி ஆர்டிஓ கொடுத்த டீலர் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பணத்தை வங்கி வழியாக, ஆர்சியில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள்.

ஏற்கெனவே வாங்கிய வண்டியில் சந்தேகம் வந்துவிட்டதா? அதை இன்னொருவர் தலையில் கட்ட நினைக்காதீர்கள். பணம் அனுப்பிய ஆதாரம், விற்றவரின் ஆதார் நகல், பேசிய வாட்ஸ்அப் செய்திகளோடு நீங்களே காவல் நிலையத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.