உங்கள் மகளிர் குழு வறுமையைக் குறைத்திருக்கிறதா? கணக்குப் பார்ப்பது எப்படி

சேலம் மாவட்டத்தில் மகளிர் குழுக்களுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய திட்டம், 1991-92-இல் அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வந்தது. நாமக்கல் அப்போது நம்மிடமிருந்து பிரியவில்லை. அன்றைக்குக் குழுவை வழிநடத்தும் ஊக்குநராக இருந்தவரின் பேத்தி இன்றைக்கு இன்னொரு குழுவில் உறுப்பினராக இருக்கிறார். இத்தனை வருடத்தில் குழுக்கள் பெருகின, கடனும் பெருகியது. சரி, வறுமை குறைந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்க அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. குழு உறுப்பினருக்கும், குழுவில் சேராத கிராமத்தாருக்கும் அந்த உரிமை இருக்கிறது. எதைப் பார்ப்பது, எங்கே கேட்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் குழுவின் தரம் பார்க்கும் முறை. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு ஒழுங்காகக் கட்டப்படுகிறதா, அந்தச் சேமிப்பு உறுப்பினர்களுக்குள் கடனாகச் சுற்றுகிறதா, கடன் தவணை தவறாமல் திரும்புகிறதா, கணக்குப் புத்தகங்கள் சரியாக எழுதப்படுகின்றனவா. இவற்றுக்கு மதிப்பெண் போட்டுத் தரம் பிரித்த பிறகுதான் வங்கிக் கடன் கிடைக்கும். குழு குறைந்தது ஆறு மாதம் இயங்கியிருக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைக் குழுவின் கணக்குப் புத்தகத்தை வைத்துத்தான் எண்ண வேண்டும், வங்கிக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அல்ல. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையே இதைச் சொல்கிறது. கணக்கு தொடங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மலையில் இந்த மதிப்பெண் குறையும் இடம் பெரும்பாலும் கூட்டம்தான். நவம்பர் பிறந்தால் ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிப்பு. விடியும் முன் போகிற பெண்கள் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். வாரக் கூட்டம் இரண்டு மூன்று தடவை தவறிவிடும். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து, வராதவர்களுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கி நோட்டை நிரப்புவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பறிப்பு முடியும் வரை கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுகிறோம் என்று முன்கூட்டியே ஒரு தீர்மானம் எழுதிவிடுங்கள். உண்மையாக நடந்த நாலு கூட்டம், பொய்யாக எழுதிய பன்னிரண்டைவிடக் குழுவுக்குப் பாதுகாப்பு. பின்னால் பணத்தில் ஒரு தகராறு வந்தால் அந்த நோட்டு ஒன்றுதான் சாட்சி.

வங்கிக் கடன் அளவையும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 பேர், மாதம் ஆளுக்கு 200 ரூபாய், ஆறு மாதம் என்றால் சேமிப்பு 14,400 ரூபாய். முதல் கடன், குழுவின் மொத்த நிதியில் ஆறு மடங்கு அல்லது 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது. 14,400-க்கு ஆறு மடங்கு 86,400 தான், ஆகவே 1.5 லட்சம் வரை கேட்கலாம். திட்டத்திலிருந்து குழுவுக்குத் தரும் சுழல் நிதி 15,000 வந்திருந்தால் அதுவும் குழுவின் நிதியில் சேரும். அப்போது 29,400-க்கு ஆறு மடங்கு, 1,76,400 ரூபாய். 10 லட்சம் வரை எந்த ஜாமீனும் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது.

இது வரைக்கும் குழுவின் ஒழுங்கைப் பற்றிப் பேசினோம். ஒழுங்கான குழுவும் வறுமை குறைந்த வீடும் ஒன்றல்ல என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு அக்கா ஒரு தவணைகூடத் தவறியதில்லை. கூட்டத்தில் எல்லாருக்கும் அவரைத்தான் உதாரணமாகக் காட்டுவோம். அவர் காதில் தோடு இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. குழுக் கடனைக் கட்டத் தோட்டை அடகு வைத்து, தோட்டை மீட்க வாசலுக்கு வந்து வசூலிக்கும் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி, அந்தத் தவணையைக் கட்ட மறுபடி குழுவில் கடன் கேட்டிருக்கிறார். எங்கள் பேரேட்டில் திருப்பிச் செலுத்தியது நூற்றுக்கு நூறு. இன்றைக்கும் அந்தப் பக்கத்தை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் குழுக்களை மதிப்பிடுகிறவர்கள் பணம் திரும்பியதா என்பதோடு நிறுத்தக் கூடாது, அது எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். வாங்கிய ஆடு ஈன்று அதை விற்ற பணமா, தையல் கூலியா, இல்லை இன்னொரு கடனா? ரிசர்வ் வங்கி 2022-இல் நுண்கடனுக்கு வகுத்த விதி இதற்கு நல்ல அளவுகோல். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 12,000 வருகிற வீட்டில் எல்லாத் தவணையும் சேர்ந்து 6,000-க்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால், அந்த வீட்டுக்கு இன்னொரு கடனைத் தள்ளிவிடுவது உதவி ஆகாது. இதை மற்றவர் முன்னால் வைத்துக் கேட்காதீர்கள், தனியாக உட்கார்ந்து கேளுங்கள். மானத்துக்குப் பயந்து யாரும் சபையில் உண்மை சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, குழுவுக்கு வெளியே இருப்பவர் யார்? இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது, பெயர் மக்கள் நிலை ஆய்வு. உலக வங்கி உதவியோடு 2005-இல் தொடங்கிய புது வாழ்வு திட்டம் தமிழக கிராமங்களில் இதைப் பரவலாக்கியது. ஊர் மக்களே ஒன்றாக உட்கார்ந்து வரைபடம் போட்டு, எந்த வீடு மிகவும் ஏழை, எது ஏழை, எது நடுத்தரம், எது வசதி என்று பிரிப்பார்கள். அந்தப் பட்டியல் கிராம சபையில் ஒப்புதல் பெற வேண்டும். திட்டப் பணத்தைக் கையாளும் கிராம வறுமை ஒழிப்பு சங்கம் ஒரு பக்கம், அதைக் கண்காணிக்க கிராம சபை தேர்ந்தெடுக்கும் சமூக தணிக்கைக் குழு இன்னொரு பக்கம் என்றுதான் ஏற்பாடே. செலவு செய்கிறவரே தணிக்கையும் செய்தால் அதில் என்ன பயன்?

உங்கள் ஊராட்சியின் பட்டியலைக் கேட்டு வாங்கி, மிகவும் ஏழை என்று இருக்கும் வீடுகளை எண்ணுங்கள். அதில் எத்தனை வீட்டுப் பெண்கள் குழுவில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கடன் போயிருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். பட்டியல் பழையதாக இருந்தால், அதன் பிறகு கணவனை இழந்தவர், தனித்து விடப்பட்டவர், மாற்றுத்திறனாளி இருக்கும் வீடு எது என்று பார்த்துச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு மத்தியானம் செலவாகும், ஆனால் பல அறிக்கைகள் சொல்லாததை இந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

மலைக் கிராமங்களுக்கு இங்கே முக்கியமான ஒரு சலுகை உண்டு. வழக்கமாகக் குழுவுக்கு 10 முதல் 20 பேர் வேண்டும். எட்டாத பழங்குடிப் பகுதிகளிலும் மாற்றுத்திறனாளிகள் குழுக்களிலும் 5 பேர் இருந்தாலே போதும். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் பல ஊர்கள் சிதறிக் கிடக்கும் சிறு குடியிருப்புகள். ஆறேழு வீடு மட்டும் இருக்கிற இடத்தில் ஆள் பத்தாது என்று சொல்லி, அந்தப் பெண்களை மூன்று மைல் தள்ளியிருக்கும் குழுவில் சேர்த்துவிடுவார்கள். கூட்டத்துக்கு வர முடியாமல் ஒரு வருடத்தில் பெயர் நீங்கிவிடும். அவர்களே ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு குழுவைக் கேட்கலாம்.

மாநில சராசரிகளை வைத்து இதையெல்லாம் தள்ளிவிட முடியாது. நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமை அறிக்கையில் தமிழ்நாட்டின் அளவு 2.20 சதவீதம்தான். பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் அந்த அறிக்கை பார்க்கும் 12 குறியீடுகளில் ஊட்டச்சத்து, பள்ளிக்குப் போவது, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், வீடு எல்லாம் இருக்கின்றன. இதே கேள்விகளை ஒரு குடியிருப்பில் வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன் எப்படி, இப்போது எப்படி என்று இரண்டையும் எழுதினால்தான் மாற்றம் தெரியும். அந்த மாற்றம் குழுவால் வந்ததா, மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனதால் வந்ததா என்பதையும் அந்த வீட்டாரிடமே கேட்டுவிடுங்கள்.

எங்கே கேட்பது? மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவானவை. ஆண்டுப் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவை உறுப்பினர் முன் வைக்க வேண்டும். உறுப்பினர் அல்லாதவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. சில சமயம் தேதி தள்ளிப் போகும், தண்டோராவையும் அறிவிப்புப் பலகையையும் கவனியுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். கூட்டம் தொடங்கும்போதே வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்.

கேள்வியை வாயால் கேட்பதோடு விடாதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கேள்வி ஏறியதா என்று கலைவதற்கு முன் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பட்டியலையோ கணக்கையோ தர மறுத்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்துக்கு மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு அந்த 10 ரூபாயும் கிடையாது, அதற்கான சான்றின் நகலை மனுவோடு இணைத்தால் போதும்.